சோழகங்கத்தின் மண்கரை

அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்துப் பொன்னேரி என்றோர் ஏரி உண்டு. முதலாம் இராசேந்திரன் (1014–1044) அமைத்த சோழகங்கம் இதுவே. வென்ற மன்னர்கள் கல்லில் தூண் நாட்டுவர். இவனோ நீரால் வெற்றித் தூண் நாட்டினான் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள்.

1855-இல் வெளியான ஆங்கிலக் குறிப்பொன்று, வடக்கு தெற்காக 16 மைல் நீண்ட இதன் கரையையும் மதகுகளையும் விவரிக்கிறது. 16 மைலுக்கும் மண்ணே! அத்தனை நீரை மண் எவ்வாறு தாங்கிற்று?

"ஏரி பெரிதானால் கரையும் தடிக்க வேண்டாமா?" என்று வகுப்பில் மாணவர் கேட்பதுண்டு. வேண்டியதில்லை. நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. நீர் எத்தனை மைல் பரந்து கிடக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. 3 மீட்டர் ஆழமுள்ள நீர், கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ 4½ டன் விசையுடன் தள்ளும். கணக்கிற்காக ஒரு கரையின் உயரம் 4 மீட்டர், உச்சி அகலம் 2 மீட்டர், அடி அகலம் 18 மீட்டர் என்று கொள்வோம். அதில் ஒரு மீட்டர் நீளத்தின் எடை மட்டும் சுமார் 72 டன்! நீர் தள்ளி இக்கரை நகராது.

கரைக்குப் பகை வேறு. நண்டு வளை, எலி வளை வழியே கசிந்து மண்ணை அரிக்கும் நீர் ஒன்று. கரைமேல் வழியும் வெள்ளம் மற்றொன்று. பின்னதற்குக் கலிங்கு உண்டு. முன்னதற்கு, ஆண்டுதோறும் கரையை நடந்து பார்த்து மண்ணிடும் ஆட்கள்தாம் மருந்து. 16 மைலில் ஓரிடம் சோர்ந்தாலும் ஏரி போயிற்று.

கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேற்பட்ட கால்வாய் தெற்கேயும், வெள்ளாற்றிலிருந்து சிறு கால்வாய் வடக்கேயும் நீர் கொணர்ந்தன என்கிறது அக்குறிப்பு. அது எழுதப்பட்டபோதே ஏரிக்குள் அடர்ந்த காடு மண்டியிருந்தது. படையெடுத்து வந்தோர் வேண்டுமென்றே அழித்தனர் என்பது ஊர்வழக்கு. உண்மையாயின், அவர்கள் அதிகம் உழைத்திருக்க மாட்டார்கள். ஓரிடத்தில் வெட்டிவிட்டால் மீதியை நீரே பார்த்துக்கொள்ளும்.

1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தபோது, இராசேந்திரன் கட்டிய கோயிலின் மதிலைப் பெயர்த்துக் கல் கொண்டுபோயினர். தடுத்த ஊராருக்குத் தண்டனைதான் கிட்டியது. பதிலுக்குக் கட்டித் தருவதாகச் சொன்ன செங்கல் மதில் வரவேயில்லை என்று அதே குறிப்பு வருந்துகிறது.

அந்தக் கீழணையிலிருந்து வடவாறு வழியே நீர் பெறும் வீராணமும் சோழர் காலத்து ஏரிதான்; அதற்கும் மண்கரைதான். 2004 முதல் சென்னைக்கும் அங்கிருந்து குடிநீர் செல்கிறது.