வெண்பாறையும் கற்குழம்புக் கடலும்: சந்திரயான்-3 தரும் சான்று எதை நிறுவுகிறது?

சந்திரயான்-3 இறங்கிய இடத்து மண்ணைப் பற்றிய ஆய்வு, 2024 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. நிலவு ஒரு காலத்தில் உருகிய கற்குழம்புக் கடலாகக் கிடந்தது என்ற கருதுகோளுக்கு அது வலுச் சேர்த்ததாகப் பரவலாகப் பேசப்பட்டது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வலு மண்ணின் வேதியியலிலிருந்து மட்டும் வந்துவிடவில்லை. அளவு எடுக்கப்பட்ட இடமும், கணக்குக்குள் அடங்காமல் மிஞ்சி நிற்கும் மக்னீசியமும் அதைவிட அதிகம் சொல்கின்றன.

கருதுகோள் பழையது. 1969இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த கரிய மண்ணில் சில வெள்ளைத் துணுக்குகள் கலந்திருந்தன. அவை தொலைவிலுள்ள மேட்டுநிலத்திலிருந்து தெறித்து வந்த அனார்த்தோசைட் என்ற பாறை என்று ஆய்வாளர் ஜான் வுட் குழுவினர் கண்டனர். உருகிய நிலவு ஆறியபோது கனமான கனிமங்களான ஆலிவினும் பைராக்சீனும் அடியில் தங்கின. அனார்த்தோசைட்டின் முதன்மைக் கனிமமான இலேசான பிளாஜியோகிளேஸ், காய்ச்சிய பாலில் ஏடு படிவதுபோல மேலே திரண்டு மேலோடாயிற்று. அவர்களின் விளக்கம் இது.

இங்கே நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவ்வூர்ப் பாறையைப் பொடித்துத்தான் இஸ்ரோ தன் சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண்ணைச் செய்தது. நிலவின் மேட்டுநிலப் பாறையைப் போலவே கால்சியம் செறிந்த அனார்த்தோசைட் அது. ஆனால் கல்லை உடைத்துப் பார்த்தால் வெள்ளைப் பரப்பினூடே ஹார்ன்பிளெண்டின் கரும் திட்டுகள் தெரியும். தன் படிக அமைப்பிலேயே நீரின் கூறைக் கொண்ட கனிமம் ஹார்ன்பிளெண்ட். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நீர் கலந்த கற்குழம்பு நிலத்தடியில் உறைந்து உருவான பாறை இது. உலகளாவிய கடல் எதிலும் இது மிதக்கவில்லை. ஆகவே ஓரிடத்தில் அனார்த்தோசைட் இருப்பதால் மட்டும் அங்கே கற்குழம்புக் கடல் இருந்தது என்று ஆகிவிடாது. எங்கும் இருக்கிறதா என்பதே கேள்வி.

அதனால்தான் இடம் முக்கியமாகிறது. அப்பல்லோ 16, லூனா 20 ஆகிய இரண்டும் 1972இல் மேட்டுநில மண்ணை எடுத்தது, நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில். சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி நின்றதோ 69 பாகை தென் அகலாங்கில். (தென்துருவம் என்று சொல்லிப் பழகிவிட்டோம், துருவம் அங்கிருந்து 600 கி.மீ.க்கும் அப்பால்.) அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் செய்த நிறமாலைமானியை ஊர்தி தரைக்கு அருகே இறக்கும். கியூரியம் உமிழும் கதிர்கள் மண்ணில் பட, ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ்-கதிரை வெளிவிடும். 103 மீட்டர் வழியில் 23 இடங்களில் இப்படி அளந்தார்கள். அளவுகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. இரும்பு கலந்த அனார்த்தோசைட் மேலோங்கிய அந்த மண்ணின் கலவை, அப்பல்லோ 16, லூனா 20 மண்களுக்கு இடைப்பட்டு நின்றது. இத்தனை தொலைவிலும் அதே ஏடு! கருதுகோளுக்குக் கிடைத்த உண்மையான வலு இதுதான்.

ஒரே ஒரு பிசகு: மிதந்த மேலோட்டுக்கு இருக்க வேண்டியதைவிட மக்னீசியம் அதிகம். ஆய்வாளர்கள் இதற்குத் தென்துருவ-எய்ட்கன் பெரும்பள்ளத்தைக் காரணம் காட்டுகிறார்கள். சுமார் 2,500 கி.மீ. அகலமுள்ள அந்தப் பள்ளத்தின் விளிம்பு, இறங்கிய இடத்திலிருந்து 350 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அதைத் தோண்டிய மோதல், அடியில் தங்கிய கனமான பொருளைக் கிளறி இங்கே வாரி இறைத்திருக்கும் என்கிறார்கள். அப்படியானால் மேலே மிதந்ததும் கீழே படிந்ததும் ஒரே கைப்பிடி மண்ணில் கலந்து கிடக்கின்றன. என் பார்வையில் இந்த ஆய்வின் ஆகச் சிறந்த பகுதி இந்தப் பிசகுதான்.

ஆனாலும் இந்தக் கருவி தனிமங்களைத்தான் எண்ணும். அவை எந்தக் கனிமத்தில் இருக்கின்றன என்று சொல்லாது, வயதையும் சொல்லாது. மக்னீசியம் மிகுந்த கற்குழம்பு பிற்காலத்தில் மேலோட்டுக்குள் ஊடுருவி உறைந்திருந்தாலும் இதே எண்கள் வரக்கூடும். நிலவு மண்ணை அள்ளிவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்திருக்கிறது. தென் மேட்டுநிலத்து மக்னீசியத் துகள் ஒன்று நுண்ணோக்கியின் கீழ் வந்து, அதன் வயதும் கணிக்கப்பட்டால், இவ்விரு விளக்கங்களில் ஒன்றைத் தள்ளிவிடலாம்.