கோலார் தங்கவயல், 1965: ஆழமா, கோணமா?

வளிமண்டல நியூட்ரினோவை முதலில் பிடித்தது யார் என்ற வழக்கு இன்றுவரை தேதிகளை வைத்தே நடக்கிறது. கோலார் குழுவின் கட்டுரை ‘ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்’ இதழைச் சேர்ந்தது 1965 ஜூலை 12. ரெய்னஸ் குழுவின் கட்டுரை ‘ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழைச் சேர்ந்தது ஜூலை 26. ஆனால் ரெய்னஸ் குழு பணியாற்றிய தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் முதல் நிகழ்வு பிப்ரவரி 23-லேயே பதிவாகிவிட்டது. இருதரப்புக்கும் சான்று உண்டு. இதில் மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

மறுபரிசீலனை கோருவது இந்த வழக்கோடு ஒட்டிவரும் காரண விளக்கம். மியாகே, நரசிம்ஹம், ரமணமூர்த்தி மூவரும் 1960-களின் தொடக்கத்தில் தங்கவயலில் 2,760 மீட்டர் ஆழம்வரை, மேலிருந்து பாறையைத் துளைத்து வரும் மியூவான்களை அளந்தார்கள். அடிமட்டத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. இந்த வெறுமைதான் நியூட்ரினோவுக்கு வழிவிட்டது, ஆகவே வெற்றி ஆழத்தின் வெற்றி என்பது பலரும் வழிமொழியும் வாசிப்பு. தூண்டுதல் என்ற அளவில் அது சரி. நிரூபணம் என்ற அளவில் எனக்கு உடன்பாடில்லை.

நியூட்ரினோக் கருவிகள் அந்த வெறுமை கிடைத்த மட்டத்தில் வைக்கப்படவில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் குழிவழியே, சுமார் 2,300 மீட்டரில் நிறுவப்பட்டன. மேலிருந்து துளைத்து வரும் மியூவான்கள் அங்கே அரிது; ஆனால் இல்லாமலில்லை. இடவசதி காரணமாக இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஆழம் ஒன்றையே நம்பியவர்கள் அரைக் கிலோமீட்டர் மேலே வந்திருக்கமாட்டார்கள்.

அவர்கள் நம்பியது கோணத்தை. செங்குத்தாக வரும் மியூவான் 2.3 கிலோமீட்டர் பாறையைக் கடந்தால் போதும். 60 பாகை சாய்ந்து வருவதற்குப் பாதை இரட்டிப்பாகி 4.6 கிலோமீட்டர் ஆகிறது. செங்குத்துத் திசையிலேயே அபூர்வமான துகளுக்கு அது கடக்கவியலாத தூரம். ஆகவே அத்தகைய சாய்வில் ஒரு தடம் தெரிந்தால், அந்த மியூவான் அருகிலுள்ள பாறையிலேயே பிறந்திருக்க வேண்டும். பிறப்பித்தது நியூட்ரினோவாகவே இருக்க வேண்டும். சாய்வைக் காட்டியவை, கோலார் முயற்சியில் பங்கேற்ற டர்ஹாம் குழுவின் நியான் குழாய்கள். சிண்டிலேட்டர் சுவர்கள் ஒருசேரச் சமிக்ஞை தந்ததும் உயர் மின்னழுத்தம் பாயும். துகள் கடந்த குழாய்கள் மட்டும் ஒளிரும். கேமரா அந்த ஒளிவரிசையைப் படமெடுக்கும். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா, டர்ஹாம் ஆகிய மூன்று தரப்பாரும் சேர்ந்து எழுதிய அறிக்கையின் வலு அந்தப் படங்களில்தான் இருக்கிறது. அதே ஆண்டில் வந்த அவர்களுடைய அடுத்த குறிப்பு, செங்குத்தல்லாத மியூவானோடு இரண்டாவது துகளும் கண்ணுக்குத் தெரியும் நிகழ்வொன்றைப் பேசுகிறது. எண்ணிக்கையை மட்டும் தரும் கருவியால் அதைச் சொல்லவே முடியாது.

நிகழ்வுகள் மிகச் சில என்பார்கள். பின்னணி இல்லாத திசையில் சிலவே போதும்.

ரெய்னஸ் குழுவின் கருவி 3,200 மீட்டர் ஆழத்தில் 110 சதுர மீட்டர் பரப்புடன் இருந்தது. ஆழத்திலும் பரப்பிலும் கோலாரை விஞ்சியது. (கோலார் பாறை அடர்த்தி மிக்கது என்பதால் மீட்டர் கணக்கை அப்படியே ஒப்பிடக் கூடாது.) எந்தத் திரவ சிண்டிலேட்டர் பெட்டிகள் சமிக்ஞை தந்தன என்பதைக் கொண்டு சாய்வை அங்கே தோராயமாக ஊகிக்கலாம், தடத்தைப் பார்க்க இயலாது. பின்னாளில் தங்கள் கருவியை விரிவாக்கியபோது, இத்தகைய ஒளிரும் குழாய்களை ஆயிரக்கணக்கில் அவர்களும் அதில் சேர்த்துக்கொண்டார்கள்.