பூட்டு எங்கே போயிற்று? கிளஸ்டர் சேமிப்பின் வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் பெர்க்லியிலிருந்து 1986இல் எழுதிய ‘பகிர்தலின்மைக்கான வாதம்’ சில பக்கங்களே கொண்ட கட்டுரை. பல சர்வர்கள் சேர்ந்து இயங்கும் கிளஸ்டரில் தரவு எங்கே இருக்க வேண்டும் என்பது கேள்வி. நினைவகத்தைப் பகிர்வது, வட்டைப் பகிர்வது, எதையும் பகிராமலிருப்பது என மூன்று வழிகளை எடுத்துக்கொண்டு, அளவுகோல் அளவுகோலாக 1, 2, 3 என்று மதிப்பிட்டார். வெற்றி மூன்றாவது வழிக்கு. பலர் ஒரே நேரத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்துவது வட்டைப் பகிரும் அமைப்பில்தான் மிகக் கடினம் என்பது அவர் தீர்ப்பு.

பரிவர்த்தனைத் தரவுத்தளங்களைப் பற்றி அவர் சொன்னதைக் கோப்பு முறைமைகளின் வரலாறாகப் பிறர் விரித்துக்கொண்டனர். பகிர்ந்த வட்டு பழங்கதை, ஒரே நேரத்தில் இருவர் எழுதாமல் பூட்டுப் போட்டுக் காக்கும் பூட்டு மேலாளர் என்ற சுமை ஒழிந்தது, 2003இல் வெளியான கூகுள் கோப்பு முறைமைக் கட்டுரையோடு விவாதம் முடிந்தது என்பது இன்று பாடப்புத்தகம்போல் ஓதப்படுகிறது. வட்டைப் பொறுத்தவரை இது சரி. பூட்டைப் பொறுத்தவரை இக்கட்டுரை மறுக்கிறது: பூட்டு ஒழியவில்லை, இடம் மாறியது.

தாமிரபரணிக் கரையில் இதை எளிதாக விளக்கலாம். சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய் நயினார்குளத்தை நிரப்புகிறது; அதற்குக் கீழே மருதூருக்கும் திருவைகுண்டத்துக்கும் வேறு கால்வாய்கள், வேறு குளங்கள். குளங்கள் தனித்தனி என்பதால் பங்கீட்டுப் பேச்சே வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். கார் பருவத்தில் பாபநாசம் அணையில் எவ்வளவு நீர், யாருக்கு முதலில் என்ற கேள்வி எட்டு அணைக்கட்டுகளுக்கும் பொது.

ஸ்டோன்பிரேக்கர் எழுதிய அதே ஆண்டில் குரோனன்பர்க், லெவி, ஸ்ட்ரெக்கர் மூவரும் டிஜிட்டல் நிறுவனத்தின் வட்டைப் பகிரும் கிளஸ்டரான வாக்ஸ்கிளஸ்டரை விவரித்துக் கட்டுரை வெளியிட்டனர். அதன் தொடக்க ஆண்டைச் சிலர் 1983 என்பர், சிலர் 1984 என்பர். அறிவிப்பைக் கணக்கில் கொண்டால் முன்னது. பூட்டு மேலாளர் பல கணினிகளுக்கும் பொதுவாக இயங்கத் தொடங்கிய இயங்குதளப் பதிப்பைக் கொண்டால் பின்னது. இக்கட்டுரைக்குப் பின்னதே பொருந்துகிறது. ஆனால் மற்றதைப் பிழை என்று தள்ள முடியாது. அந்த மரபு பிறகு கிளைத்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த ஜிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமை (கூகுளுடையது அல்ல), பூட்டை முதலில் வட்டுச் சாதனத்திடமே ஒப்படைக்க முயன்று, பின்னர் பூட்டு மேலாளரிடம் திரும்பியது. லஸ்டர் என்ற இன்னொரு கோப்பு முறைமை தன் பூட்டு முறையை வாக்ஸ்கிளஸ்டரிடமிருந்து பெற்றதை மறைக்கவில்லை.

இனி குளஸ்டர்எஃப்எஸ். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி, கலிபோர்னியா டிஜிட்டல் நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவராக இருந்தபோது லிவர்மோர் ஆய்வகத்துக்காக உருவான ‘தண்டர்’, 4,096 இட்டானியம் செயலிகளோடு 2004 ஜூன் பட்டியலில் உலகின் இரண்டாவது மீக்கணினி. அடுத்து அவர் இணைந்து நிறுவிய நிறுவனம் இந்தக் கோப்பு முறைமையை உருவாக்கியது. 2011 அக்டோபரில் ரெட் ஹாட் அந்த நிறுவனத்தை ஏறத்தாழ 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. கோப்பின் பெயரைக் கணக்கிட்டே அது இருக்கும் சர்வரைக் கண்டறிவதால், எந்தக் கோப்பு எங்கே என்று சொல்லும் தனி சர்வர் குளஸ்டர்எஃப்எஸ்ஸுக்குத் தேவையில்லை. பகிர்தலின்மையின் மகுடம் என்று இதைக் காட்டுவோர் உண்டு.

அவர்கள் பார்க்கத் தவறியது, இரண்டு சர்வர்களில் நகல் வைக்கப்பட்ட ஒவ்வொரு கோப்பின்மேலும் பொறிக்கப்படும் ஒரு குறிப்பை. ‘டிரஸ்டட்.ஏஎஃப்ஆர்’ என்று தொடங்கும் அந்தக் கூடுதல் பண்பு 12 பைட்டுகள் கொண்டது: முதல் நான்கு கோப்பின் உள்ளடக்கத்துக்கு, அடுத்த நான்கு அதன் விவரங்களுக்கு, கடைசி நான்கு அடைவின் பதிவுகளுக்கு. எல்லாம் சுழியமாக இருந்தால் பாக்கி ஏதுமில்லை. சுழியம் இல்லாவிட்டால், ‘நான் எழுதினேன், அந்தச் சர்வர் எழுதவில்லை’ என்று இந்த நகல் சாட்சி சொல்கிறது என்று பொருள். கல்வெட்டில் கடன் பாக்கி வெட்டிய மாதிரி.

இந்தக் குறிப்பு ஏற்படும் வரிசைதான் முக்கியம்: முதலில் பூட்டு, பிறகு ‘எழுதப் போகிறேன்’ என்ற அடையாளம், பிறகு எழுத்து, அடையாளத்தை அழித்தல், பூட்டைத் திறத்தல். பழைய வடிவத்தில் எழுதும் முன்பே ஒவ்வொரு சர்வரின் பெயரிலும் எண்ணிக்கை ஏறும். பிற்காலப் பாடத்தில் முதலில் ‘டர்ட்டி’ என்ற பொதுக் குறி மட்டும் ஏறுகிறது. எழுதத் தவறிய சர்வரின்மீது மட்டுமே பிறகு குற்றம் பதிவாகிறது. இந்தப் பாடபேதம் வெறும் வேகத்துக்கான திருத்தம் என்று வாதிடலாம். அது தீர்ப்பைத் தள்ளிப்போடும் திருத்தமும்கூட என்பது இக்கட்டுரையின் எண்ணம். இரு வடிவத்திலும் பூட்டு அப்படியே நிற்கிறது.

இரண்டு நகல்களும் ஒன்றையொன்று குற்றம் சாட்டினால் எது உண்மை? பிணையம் துண்டிக்கப்பட்ட நேரத்தில் இரு பக்கமும் எழுதப்பட்ட கோப்பைத் திறந்தால் பிழைச்செய்திதான் வரும். மனிதர் வந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2015இல் வெளியான 3.7 பதிப்பில் இதற்கொரு நடுவர் வந்தார்: கோப்பின் பெயரையும் விவரங்களையும் மட்டும் வைத்திருந்து, உள்ளடக்கத்தில் ஒரு பைட்டும் வைத்திராத மூன்றாவது சர்வர். அதன் வேலை வாக்களிப்பது. எதையும் பகிராத அமைப்பு, பொதுச் சாட்சி ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது.

வாக்ஸ்கிளஸ்டரிலும் இப்படியொன்று இருந்தது. இரண்டே கணினிகள் இருக்கும் கிளஸ்டரில் மூன்றாவது வாக்காக ஒரு வட்டை நிறுத்துவார்கள். குளஸ்டரின் நடுவர் அதன் நேர் வாரிசா? லிவர்மோர் ஆய்வகம் லஸ்டரைத் தொடக்கத்திலேயே ஏற்ற இடங்களில் ஒன்று. அதன் வழியாக வாக்ஸ் மரபு பெரியசாமியின் வட்டத்துக்கு எட்டியிருக்கும் என்று ஊகிக்க இடமுண்டு. ஆனால் பூட்டைப் பற்றிச் சொல்லக்கூடியதை நடுவரைப் பற்றி அதே உறுதியோடு சொல்ல முடியாது. இடையில் பத்தாண்டுக்கும் மேலான இடைவெளி, நிறுவனமும் கைமாறிவிட்டது. மூன்றாவது வாக்கு இல்லாமல் இரண்டு பேர் வழக்கு தீராது என்பதை இரு தரப்பும் தனித்தனியே கண்டிருக்கவும் கூடும்.