படகுக்குள்ள தண்ணி எங்கிருந்து வருது?

போன மாசம் ஒரு காலைல ஊரூர் குப்பம் பக்கம் போயிருந்தேன். கரையில ஏத்தி வச்சிருந்த ஒரு ஃபைபர் படகுக்குள்ள ரெண்டு பேர் குடம் குடமா தண்ணி ஊத்திட்டு இருந்தாங்க. படகுல இருந்து தண்ணிய வெளிய இறைக்கிறதுதானே வழக்கம்? கேட்டேன்.

"ஓட்டை எங்கன்னு தெரியல தம்பி. உள்ள ஊத்துனா வெளிய கசியும்ல."

அதுக்கு முன்னாடியே அந்த அண்ணன் பாதி வேலைய முடிச்சிருந்தார். அடியில தேங்கின தண்ணிய நாக்குல வச்சுப் பார்த்திருக்கார், உப்பு. அப்போ மழைத்தண்ணி இல்ல. ஆனா வலையிலருந்து வடியிறதும் உப்புத்தண்ணிதானே? அதனால முந்தின நாள் வலையே ஏத்தாம சும்மா ஒரு சுத்து போயிட்டு வந்திருக்கார். அப்பவும் தண்ணி. நான் ஆபீஸ்ல ஒரு பக் தேடுறப்போ இவ்வளவு ஒழுங்கா ஒவ்வொண்ணா கழிச்சுப் பார்த்ததே இல்ல.

இந்த ஊர்க் கடற்கரையில இதே கேள்விக்கு 200 வருஷத்துக்கு முன்னாடி பதில் வேற மாதிரி இருந்துச்சு. அப்போ மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரைக்கு வர மசூலா படகுதான் வழி. ஆணியே இல்லாத படகு அது. உள்ள குறுக்குச் சட்டமும் கிடையாது. பலகைகளோட ஓரத்துல துளை போட்டு, இணைப்பு மேல தென்னை நாரை வச்சு அழுத்தி, கயித்தால தைச்சிருப்பாங்க. ஆமா, துணி தைக்கிற மாதிரியே.

1834-ல் ஜான் எடி என்கிற கப்பல் கட்டும் அதிகாரி இந்தப் படகுகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நீளம் 30 முதல் 35 அடி, துடுப்பு போட 12 பேர், திசை பிடிக்கத் தனி ஆள். இவங்க தவிர ரெண்டு பேருக்கு வேலையே உள்ள வர்ற தண்ணிய இறைச்சு ஊத்திட்டே இருக்கிறது. அங்கதான் நான் நின்னுட்டேன். அதாவது ஒழுகும்னு தெரியும், எங்க ஒழுகும்னும் தெரியும், எல்லாத் தையல்லயும்தான்! அதுக்கு ரெண்டு ஆள் சம்பளத்தையும் கணக்குல சேர்த்துட்டாங்க.

ஏன்னா மாத்து வழி அதைவிட மோசம். இங்க அலை ஒண்ணு இல்ல, வரிசையா வரும். நடுவுல படகோட அடி மணல்ல மோதும். ஆணி அடிச்ச விறைப்பான ஐரோப்பியப் படகு அந்த அடியில உடையும். தைச்ச படகு வளைஞ்சு கொடுத்துத் தாங்கும். அப்படியும் ஆள் கடல்ல விழுந்தா தூக்க, அலை பெருசா இருக்கிற நாள்ல கட்டுமரமும் கூடவே போகும். கட்டுமரத்துல இந்தக் கேள்வியே எழாது. மரத்துக்கு நடுவுல வர்ற தண்ணி அப்படியே கீழ போயிடும்.

1875-ல் துறைமுக வேலை ஆரம்பிச்சது. 1881 புயல்ல அது பெருசா சேதமாச்சு, திரும்பக் கட்டினாங்க. கப்பல் சரக்கு மெல்ல அங்க போயிடுச்சு. தைச்ச படகு அப்புறமும் ரொம்ப வருஷம் கரைவலைக்கு ஓடுச்சு. 2004 சுனாமிக்கு அப்புறம் நிவாரணமா வந்ததுல பெரும்பாலும் ஃபைபர் படகு. அவசரத்துல கட்டினதுல எல்லாமே நல்ல தரம்னு சொல்ல முடியாது.

ஃபைபர்ல ஒழுகல் கண்ணுல படாது, சிக்கலே அதான். தினமும் மணல்ல இழுக்கிறதுல அடியில இருக்கிற ரெசின் தேயும், இழை வெளிய தெரியும், அது தண்ணிய உறிஞ்சும். உள்ள அடைச்ச ஃபோம்ல ஊறிடுச்சுன்னா இறைக்கவும் முடியாது. அந்த அண்ணன் சந்தேகப்பட்டதே இப்படித்தான்: "ஆறு பேர் தள்ளுனா ஏறுற படகு, இப்ப எட்டு பேர் கேக்குது."

அரை மணி நேரம் கழிச்சுப் பின்பக்கம், அடிக்கட்டை தேஞ்ச இடத்துல ஈரம் ஒரு கோடா தெரிஞ்சுது. கரித்துண்டால வட்டம் போட்டார். உடனே ரெசின் பூசிடலாமேன்னு கேட்டேன். ஈரத்துல ஒட்டாதாம், ரெண்டு நாளாவது வெயில்ல காயணுமாம்.

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கடலுக்குப் போகல. வேற என்ன?" என்றபடி குடத்தைக் கவிழ்த்து வைத்தார்.