பேறுகாலத் தாயின் மனநலமும் வீடு தேடி வரும் செவிலியரும்

வண்டியூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒரு பெண் கருவுற்றதும் அரசு செவிலியர் பெயரைப் பதிவு செய்கிறார். எடை, இரத்த அழுத்தம், இரத்தச்சோகை எல்லாம் பார்க்கிறார். பிரசவம் முடிந்ததும் தாயையும் சேயையும் பார்க்க வீட்டுக்கும் வருகிறார். அவரிடம் நம் வீட்டுப் பெண்கள் சொல்லாமல் விடுவது ஒன்றுதான்: மனதின் பாரம்.

பிரசவமான இரண்டு மூன்று நாள்களில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் இயல்பு. இரண்டு வாரத்துக்குள் அது தானாகத் தணிந்துவிடும். அதற்குப் பிறகும் சோர்வு, தூக்கமின்மை, குழந்தையிடம் ஒட்டாமை, 'நான் எதற்கும் ஆகாதவள்' என்ற எண்ணம் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். கர்ப்ப காலத்திலேயே இது தொடங்குவதும் உண்டு.

இது மேல்நாட்டு நோயல்ல. வேலூர்ப் பகுதிக் கிராமங்களில் 359 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் 100க்கு 11 பேருக்கு மனச்சோர்வு புதிதாக ஏற்பட்டிருந்தது. வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாருடனும் பெற்றோருடனும் மனத்தாங்கல், ஒத்தாசைக்கு ஆளில்லாமை ஆகியவை இதற்கான காரணிகளாகக் கண்டறியப்பட்டன. இவற்றில் பெரும்பாலானவை வீட்டார் நினைத்தால் மாற்றக்கூடியவை.

செவிலியர் இதில் என்ன செய்ய முடியும்? 1987இல் எடின்பரோவில் உருவான 10 கேள்விகள் கொண்ட பட்டியல் தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாள்களில் மனம் எப்படி இருந்தது என்று அது கேட்கிறது. நோயை அது உறுதி செய்யாது, யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று காட்டும். பாகிஸ்தானின் ராவல்பிண்டி பகுதியில் வீடு வீடாகச் செல்லும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளிடம் தொடர்ந்து பேச வைத்தார்கள். 2008இல் வெளியான முடிவுப்படி, குழந்தைக்கு ஆறு மாதமானபோது அவர்கள் கவனித்த தாய்மார்களில் 23 சதவீதத்தினரிடமே நோய் நீடித்தது. இந்த உதவி கிடைக்காத மற்றப் பகுதிகளில் அது 53 சதவீதம்.

மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டுச் சந்திப்பு வேண்டும் என்கிறது தேசியத் திட்டம். நம் பெண்கள் வெளியே செல்லாமல் வீட்டோடு இருக்கும் நாற்பது நாள்களுக்குள்ளேயே இவற்றில் ஐந்து வந்துவிடுகின்றன. ஆகவே செவிலியரை வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடாதீர்கள். 'நல்லாத்தான் இருக்கா' என்று மாமியார் பதில் சொல்ல வேண்டாம். தாயோடு பத்து நிமிடம் தனியாகப் பேச இடம் கொடுங்கள்.

'ஈமான் குறைவு', 'காற்றுக் கருப்பு' என்று சொல்லி அவளை மேலும் நொறுக்குவது நமக்குத் தகாது. பிரசவ வேதனையில் மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று கலங்கியதைக் குர்ஆன் கூறுகிறது. அதற்காக அல்லாஹ் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கவலை வேண்டாம் என்ற ஆறுதலும், குடிக்க நீரும், உண்ணப் பேரீச்சம்பழமும்தான் அவருக்குக் கிடைத்தன. துஆ கேட்போம், மருத்துவமும் செய்வோம்.

தன்னையோ குழந்தையையோ மாய்த்துக்கொள்ளும் எண்ணம், இல்லாத குரல் கேட்பது, பல நாள் உறங்காமல் பிதற்றுவது ஆகியவை தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அவளைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் ஆலோசனை பெறலாம். பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்துகளும் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தக் கூடாது.

இரவில் ஒரு வேளையாவது கணவர் குழந்தையை வாங்கிக்கொண்டு மனைவியை உறங்கவிடட்டும். செவிலியர் அடுத்த முறை வரும்போது, "இவளுக்கு மனசு சரியில்லை, கொஞ்சம் பாருங்கள்" என்று அவரே சொல்லட்டும். இன்ஷா அல்லாஹ், உரிய நேரத்தில் கவனித்தால் இது குணமாகும்.