ஈடன் பார்க் 1992: பலம் குறைந்த அணி வகுத்த வியூகம்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் உள்ள சான்ட்ரிங்ஹாம், தெற்காசிய மளிகைக் கடைகளாலும் உணவகங்களாலும் அங்கு வாழும் தமிழர்களுக்கு நன்கு அறிமுகமான பகுதி. அந்தக் கடைத்தெருவிலிருந்து சான்ட்ரிங்ஹாம் வீதி வழியாக வடக்கு நோக்கிச் சென்றால், அவ்வீதி ஈடன் பார்க் விளையாட்டரங்கின் ஓரத்தைத் தொட்டுச் செல்கிறது. குளிர்காலத்தில் ரக்பியும் கோடையில் கிரிக்கெட்டும் நடந்துவந்த இந்த மைதானத்தில்தான், 1992ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் தேதி, ஒருநாள் கிரிக்கெட்டின் போக்கை மாற்றிய ஆட்டங்களில் ஒன்று நடந்தது.

அது ஐந்தாவது உலகக் கோப்பைப் போட்டியின் தொடக்க ஆட்டம். போட்டியை இணைந்து நடத்திய ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மோதின. யார் வெல்வார் என்பதில் பெரும்பாலானோருக்கு ஐயம் இருக்கவில்லை.

ஆலன் போர்டர் தலைமையிலான ஆஸ்திரேலியா, 1987இல் கொல்கத்தாவில் கோப்பையை வென்ற நடப்புச் சாம்பியன். உலகக் கோப்பைக்குச் சற்று முன்புதான் இந்தியாவை டெஸ்ட் தொடரில் 4-0 என்று வீழ்த்தியிருந்தது. முத்தரப்பு ஒருநாள் தொடரின் இறுதி ஆட்டங்களிலும் இந்தியாவையே தோற்கடித்திருந்தது. நியூசிலாந்தோ தன் சொந்த மண்ணில் இங்கிலாந்திடம் டெஸ்ட் தொடரை 0-2 எனவும், ஒருநாள் தொடரை 0-3 எனவும் இழந்திருந்தது. ரிச்சர்ட் ஹாட்லி 1990இல் ஓய்வு பெற்ற பிறகு, எதிரணியை அச்சுறுத்தக்கூடிய வேகப்பந்து வீச்சாளர் என்று சொல்ல அந்த அணியில் எவரும் இல்லை. அணித்தலைவர் மார்ட்டின் குரோவை மாற்ற வேண்டும் என்ற குரல்களும் எழுந்திருந்தன.

இத்தகைய நிலையில் உள்ள ஓர் அணிக்கு இரண்டு வழிகளே உண்டு. வலிமையான அணி ஆடும் அதே ஆட்டத்தை அதைவிட நன்றாக ஆட முயல்வது ஒன்று. ஆட்டத்தையே மாற்றிவிடுவது மற்றொன்று. முதல் வழி வீரமாகத் தோன்றினாலும் பெரும்பாலும் தோல்வியிலேயே முடியும். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், 2007 செப்டம்பர் 1ஆம் தேதி, அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரி அணி பெரும்புகழ் பெற்ற மிச்சிகன் அணியை 34-32 என்று வென்றது இரண்டாவது வழியால்தான். ஆட்டக்காரர்களை மைதானத்தின் அகலம் முழுவதும் பரப்பி நிறுத்தி, மிச்சிகனின் உடல் பலம் ஓரிடத்தில் குவியாதபடி அந்த அணி பார்த்துக்கொண்டது. குரோ தேர்ந்ததும் இரண்டாவது வழியையே.

இரண்டாவது ஓவர்

நாணயச் சுழற்சியில் வென்று முதலில் ஆடிய நியூசிலாந்துக்குத் தொடக்கம் மோசமாகவே அமைந்தது. ஆட்டம் தொடங்கியதுமே கிரேக் மெக்டெர்மட் ஜான் ரைட்டின் விக்கெட்டை வீழ்த்தினார். 53 ஓட்டங்களுக்குள் மூன்று விக்கெட்டுகள் போயின. பின்னர் குரோவும் கென் ரதர்ஃபோர்டும் இணைந்து 118 ஓட்டங்கள் சேர்த்தனர். ரதர்ஃபோர்ட் 57 ஓட்டங்கள் எடுத்தார். குரோ ஆட்டமிழக்காமல் 100 ஓட்டங்கள் எடுக்க, நியூசிலாந்து 50 ஓவர்களில் 6 விக்கெட் இழப்புக்கு 248 ஓட்டங்களை எட்டியது. அன்றைய அளவில் அது நல்ல எண்ணிக்கை. ஆனால் ஆஸ்திரேலியா போன்ற அணிக்கு எட்டாத இலக்கு அல்ல.

ஆஸ்திரேலியா ஆடத் தொடங்கியபோது முதல் ஓவரை வேகப்பந்து வீச்சாளர் கிறிஸ் கெய்ன்ஸ் வீசினார். இரண்டாவது ஓவருக்குப் பந்து தீபக் பட்டேலின் கைக்குச் சென்றது. அரங்கில் இருந்தவர்களும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களும் வியந்தனர். பட்டேல் வேகமாகப் பந்து வீசுபவர் அல்ல. அவர் ஆஃப் ஸ்பின் வீசும் சுழற்பந்து வீச்சாளர். கென்யாவின் நைரோபியில் பிறந்த இந்திய வம்சாவளியினர். இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் அணிக்குப் பல ஆண்டுகள் ஆடிவிட்டு நியூசிலாந்தில் குடியேறியவர். பளபளப்பு மாறாத புதுப் பந்தைச் சுழற்பந்து வீச்சாளரிடம் கொடுப்பது வழக்கத்துக்கு மாறானது. பந்து தேய்ந்த பிறகு, ஆட்டத்தின் நடுப்பகுதியில்தான் அவர்களை அழைப்பார்கள்.

குரோவின் கணக்கைப் புரிந்துகொள்ள அப்போதைய விதிகளைப் பார்க்க வேண்டும். முதல் 15 ஓவர்களில் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு தடுப்பாளர்கள் மட்டுமே நிற்கலாம் என்ற கட்டுப்பாடு உலகக் கோப்பையில் நடைமுறைக்கு வந்தது அந்த ஆண்டுதான். ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒரு புதிய வெள்ளைப் பந்து பயன்படுத்தப்பட்டது. அதாவது, வேகமாக வரும் புதுப் பந்தைத் திசை திருப்பிவிட்டாலே அது காலி இடங்கள் வழியாக எல்லைக்கோட்டுக்கு ஓடிவிடும். ஓட்டங்களுக்கான வேகத்தைப் பந்துவீச்சாளரே தந்துவிடுகிறார். நல்ல வேகப்பந்து வீச்சாளர் இருந்தால் அவர் விக்கெட்டுகளால் அதை ஈடுசெய்வார். அப்படிப்பட்டவர் இல்லாத அணி என்ன செய்வது?

வேகத்தையே தராமல் இருப்பதுதான் குரோ கண்ட விடை. மெதுவாக வரும் பந்தை அடிக்க மட்டையாளர் தன் பலத்தைத்தான் நம்ப வேண்டும். இன்னும் ஆடுகளத்துக்குப் பழகாத தொடக்க ஆட்டக்காரருக்கு அது எளிதல்ல. நியூசிலாந்தின் ஆடுகளங்களும் மெதுவானவை, பந்து தாழ்வாகவே எழும்பும். முதன்மையாக ரக்பிக்கென அமைந்த ஈடன் பார்க்கில் எல்லைக்கோடுகள் சில பக்கங்களில் மிகக் குறுகியவை. அங்கே தூக்கி அடிக்கும் ஆசை வரும், ஆனால் அடிக்க வேண்டிய வேகம் பந்தில் இருக்காது.

அன்றைய பந்துவீச்சுக் கணக்கே இதைக் காட்டுகிறது. வேகமாக வீசிய கெய்ன்ஸ் 4 ஓவர்களில் 30 ஓட்டங்களைக் கொடுத்தார். பட்டேல் தன் 10 ஓவர்களிலும் சேர்த்துக் கொடுத்தது 36 ஓட்டங்களே. போர்டரின் விக்கெட்டும் அவருக்கே கிடைத்தது. அதன் பிறகு வந்தவர்கள் கேவின் லார்சன், வில்லி வாட்சன், கிறிஸ் ஹாரிஸ், ராட் லேதம் ஆகிய மிதவேகப் பந்துவீச்சாளர்கள். வேறு எந்த அணியிலும் இப்படி நான்கு பேரை ஒருசேரக் களமிறக்கியிருப்பார்களா என்பது சந்தேகமே. அவர்களுடைய 34.1 ஓவர்களில் ஆஸ்திரேலியா எடுத்தது 139 ஓட்டங்களே.

டேவிட் பூன் சதம் அடித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வியூகம் அவரைத் தடுக்கவில்லை. ஆனால் மறுமுனையில் ஆடியவர்களில் 38 ஓட்டங்கள் எடுத்த ஸ்டீவ் வாவைத் தவிர எவரும் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. சரியாக 100 ஓட்டங்களில் பூன் ஹாரிஸின் எறிதலில் ரன் அவுட் ஆனார். ஆஸ்திரேலியா 211 ஓட்டங்களில் சுருண்டது. நியூசிலாந்தின் வெற்றி 37 ஓட்டங்களில்.

காயத்தால் வந்த வாய்ப்பு

வியூகத்தின் மறுபாதி தற்செயலாகவே அமைந்தது. ஜான் ரைட் காயமடைந்ததால், பிப்ரவரி 29ஆம் தேதி அதே ஈடன் பார்க்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மார்க் கிரேட்பாட்ச் தொடக்க ஆட்டக்காரராகச் சேர்க்கப்பட்டார். தடுப்பாளர்கள் உள்ளே நிற்கும் முதல் 15 ஓவர்களில் அவர்களின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கி அடிப்பது அவருக்கு இடப்பட்ட பணி. அவர் 60 பந்துகளில் 68 ஓட்டங்கள் எடுத்தார். நியூசிலாந்து 191 ஓட்டங்கள் என்ற இலக்கை 35 ஓவர்களுக்குள் எட்டியது.

ஆக, ஒரே விதியைக் குரோ இரு பக்கமிருந்தும் பயன்படுத்தினார். பந்து வீசும்போது எதிரணிக்கு அந்த 15 ஓவர்களின் பலனை மறுத்தார். மட்டை பிடிக்கும்போது அந்தப் பலனை முழுமையாக எடுத்துக்கொண்டார்.

சென்னை ரசிகர்கள் இங்கே ஒரு கேள்வி எழுப்பலாம். முதல் ஓவரிலிருந்தே அடித்தாடுவது கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் எண்பதுகளிலேயே செய்த வேலைதானே? உண்மைதான். 1983 இறுதி ஆட்டத்தில் இரு அணிகளிலும் அதிகபட்ச ஓட்டங்கள் அவர் எடுத்த 38தான். ஆனால் ஸ்ரீகாந்த் அடித்தது அவருடைய இயல்பு. கிரேட்பாட்ச் அடித்தது அணி எழுதி வைத்த திட்டம். அவர் விரைவில் ஆட்டமிழந்தாலும் குறை சொல்லமாட்டார்கள் என்ற உறுதி அவருக்கு இருந்தது. 1992 மார்ச் 12ஆம் தேதி டனிடின் நகரில் இந்தியா நியூசிலாந்தைச் சந்தித்தபோது, அதே ஸ்ரீகாந்த் பட்டேலின் பந்தில் லேதமிடம் பிடி கொடுத்து ஓட்டம் எதுவும் எடுக்காமல் வெளியேறினார். கிரேட்பாட்ச் 73 ஓட்டங்கள் எடுத்தார், நியூசிலாந்து வென்றது.

எவரும் பொருட்படுத்தாத அந்த அணி தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் வென்று புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்றது. இந்த ஏழு வெற்றிகளும் நியூசிலாந்து மண்ணிலேயே கிடைத்தவை என்பது குறிப்பிடத்தக்கது. இறுதி ஆட்டம் மெல்பர்னில் நடக்கவிருந்தது. அங்குள்ள பெரிய மைதானத்தில், பந்து நன்கு எழும்பும் ஆடுகளத்தில், லார்சனும் ஹாரிஸும் இதே அளவு பயன்பட்டிருப்பார்களா என்பது விடை கிடைக்காத கேள்வி.

வகுத்தவர் களத்தில் இல்லாதபோது

எட்டாவது லீக் ஆட்டத்தில் பாகிஸ்தான் 7 விக்கெட்டுகளில் நியூசிலாந்தை வென்றது. மூன்றே நாட்களில், மார்ச் 21ஆம் தேதி, ஈடன் பார்க்கில் நடந்த அரையிறுதியிலும் அதே பாகிஸ்தான்தான் எதிரணி.

குரோ 91 ஓட்டங்கள் எடுத்தார். ஆனால் ஆடும்போதே தொடைத் தசை பிடித்துக்கொண்டதால் அவருக்காக வேறொருவர் ஓட வேண்டியிருந்தது. நியூசிலாந்து 7 விக்கெட் இழப்புக்கு 262 ஓட்டங்கள் குவித்தது. பாகிஸ்தான் ஆடும்போது குரோ களத்துக்கு வரவில்லை. ஜான் ரைட் அணியை வழிநடத்தினார். கடைசி 15 ஓவர்களில் பாகிஸ்தானுக்கு 123 ஓட்டங்கள் தேவைப்பட்டன. அக்காலத்தில் அது ஏறக்குறைய இயலாத காரியம். 22 வயதான இன்சமாம் உல் ஹக் 37 பந்துகளில் 60 ஓட்டங்கள் அடித்து அதை இயலச் செய்தார். முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவைத் திணறடித்த ஹாரிஸ், இந்த முறை 10 ஓவர்களில் 72 ஓட்டங்களைக் கொடுத்தார். ஓர் ஓவர் மீதமிருக்க பாகிஸ்தான் வென்றது.

பந்தில் வேகம் இல்லாததால் திணறும் மட்டையாளர்களை நம்பி வகுக்கப்பட்டது அந்த வியூகம். வேகத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் கை வலிமை உள்ள ஒருவர் எதிரே வந்தபோது அதனிடம் மாற்று ஏற்பாடு இருக்கவில்லை. ஓவருக்கு ஓவர் பந்துவீச்சாளரை மாற்றி, தடுப்பாளரை நகர்த்தி அதை இயக்கி வந்தவரும் அன்று ஓய்வறையில் இருந்தார். இரண்டில் எது முதன்மைக் காரணம் என்ற விவாதம் நியூசிலாந்தில் பல ஆண்டுகள் நீடித்தது. திட்டத்தைவிட, திட்டத்தை இயக்கியவர் இல்லாததே பெரிய இழப்பு என்று கொள்ள இடமுண்டு.

கொழும்பு வழியாகச் சேப்பாக்கம்

நான்கு ஆண்டுகளுக்குப் பின் இதே பாடத்தை முழுமைப்படுத்திய அணி இலங்கை. 1996 மார்ச் 2ஆம் தேதி டெல்லியில், இந்தியாவின் 271 ஓட்டங்களைத் துரத்திய சனத் ஜயசூரியவும் ரொமேஷ் களுவிதாரணவும் முதல் மூன்று ஓவர்களில் 42 ஓட்டங்களைக் குவித்தனர். நியூசிலாந்து ஒருவரை அடித்தாட அனுப்பியது, இலங்கை இருவரையும் அனுப்பியது. லாகூரில் மார்ச் 17ஆம் தேதி நடந்த இறுதி ஆட்டத்தில், முத்தையா முரளிதரன், குமார் தர்மசேன, ஜயசூரிய, அரவிந்த டி சில்வா ஆகிய நால்வரின் சுழற்பந்து வீச்சு 50 ஓவர்களில் 37 ஓவர்களை எடுத்துக்கொண்டது. முரளிதரனின் 10 ஓவர்களில் ஆஸ்திரேலியா 31 ஓட்டங்களே எடுத்தது. இலங்கை 7 விக்கெட்டுகளில் வென்றது. மெதுவான பந்து வீச்சால் ஆஸ்திரேலியாவின் கையைக் கட்டுவது என்ற ஈடன் பார்க் கணக்கு, தேர்ந்த சுழற்பந்து வீச்சாளர்கள் கிடைத்தபோது கோப்பையையே பெற்றுத் தந்தது.

இறுதிக்கு ஆறு நாட்கள் முன்பு சென்னை சேப்பாக்கத்தில் நடந்த காலிறுதியோ இதற்கு நேர்மாறான கதை. ஹாரிஸ் 130 ஓட்டங்கள் அடிக்க, நியூசிலாந்து 286 ஓட்டங்கள் எடுத்தது. அடித்தாடுவதற்காக ஷேன் வார்னை நான்காவது ஆட்டக்காரராக அனுப்பியது ஆஸ்திரேலியா. அவர் 14 பந்துகளில் 24 ஓட்டங்கள் எடுத்தார், மார்க் வா சதமடித்தார், ஆஸ்திரேலியா வென்றது. பலம் குறைந்தவர் கண்டுபிடித்த உத்தியைப் பலமுள்ளவர் கற்றுக்கொண்டபோது, எஞ்சியது பலத்தின் வேறுபாடு மட்டுமே.

புதுப் பந்துடன் சுழற்பந்து வீச்சாளர் என்ற யோசனையும் காலப்போக்கில் வியப்பை இழந்தது. 2011 மே 28ஆம் தேதி, அதே சேப்பாக்கத்தில் ஐபிஎல் இறுதி ஆட்டத்தின் முதல் ஓவரிலேயே கிறிஸ் கெயிலை ஓட்டமின்றி வெளியேற்றினார் சென்னை அணியின் ரவிச்சந்திரன் அஸ்வின். 2019 உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில் முதல் ஓவரையே இம்ரான் தாஹிரிடம் கொடுத்தது தென்னாப்பிரிக்கா. இரண்டாவது பந்தில் ஜானி பேர்ஸ்டோ ஆட்டமிழந்தார்.

நியூசிலாந்து முதல் முறையாக உலகக் கோப்பை இறுதிக்குத் தகுதி பெற்றது 2015 மார்ச் 24ஆம் தேதி. அந்த அரையிறுதியும் ஈடன் பார்க்கில்தான் நடந்தது. மார்ட்டின் குரோ அடுத்த ஆண்டு, 2016 மார்ச் 3ஆம் தேதி, ஆக்லாந்தில் காலமானார்.