அரை டன் கருவியும் அரைக் கிராம் வளையமும்

1808ஆம் ஆண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு ஒரு கருவியைக் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லண்டனில் வில்லியம் கேரி செய்த, கோணம் அளக்கும் தியோடலைட் அது. எடை ஏறக்குறைய அரை டன். கோணம் குறித்த அதன் பித்தளை வட்டம் மூன்றடி அகலம். இந்தியாவுக்குக் கப்பலில் வந்தபோதே பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி, மொரீஷியஸ் தீவுவரை போய், அவர்கள் மரியாதையாகத் திருப்பி அனுப்பியதால் சென்னை வந்து சேர்ந்தது.

அதன் சொந்தக்காரர்போல நடந்துகொண்ட வில்லியம் லாம்டன், 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே சங்கிலி பிடித்து நில அளவையைத் தொடங்கியவர். மற்ற ஊர்களில் குன்றின்மேல் ஏறிக் கோணம் பார்த்தார். காவிரிப் படுகையில் குன்றுக்கு எங்கே போவது? எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல், வயலை அடுத்துத் தென்னை, தென்னைக்குப் பின்னால் இன்னொரு ஊரின் தென்னை. அவற்றுக்கு மேலே தலை நீட்டியவை கோயில்கள் மட்டுமே. அதனால்தான் பெரிய கோயில்.

பாதி வழியில் இழுப்புக் கயிறு ஒன்று அறுந்தது. கருவி பெட்டியோடு ஊசலாடிக் கல் சுவரில் மோதியது. பித்தளை வட்டம் நெளிந்துபோனது. வேறு யாராக இருந்தாலும் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். லாம்டன் ஒரு கூடாரத்துக்குள் அடைந்துகொண்டார். கைவினைஞர்களைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை. ஆப்பு, திருகு, கப்பி என்று கிடைத்ததை வைத்து ஆறு வாரத்தில் வட்டத்தைப் பழைய வடிவத்துக்கு இழுத்துக் கொண்டுவந்தார். அதே கருவிதான் பிறகும் பல ஆண்டுகள் உழைத்தது.

இந்தச் சம்பவத்தைச் சொல்வோர் லாம்டனின் பிடிவாதத்தைப் பாராட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. அந்தக் காலத்து அளவைக் கருவிக்கு இருந்த பெரிய பயம் அடிபடுவதுதான். தேக்குப் பெட்டி, தோல் உறை, துணி மெத்தை எல்லாம் அதற்காகவே. மழையோ பனியோ பெரிய கவலை இல்லை. கருவி திறந்த மேனியாக இருந்தது. நனைந்தால் துடைக்கலாம், தூசி படிந்தால் தட்டலாம்.

கருவி சிறுத்து, மூடிக்கொண்டபோதுதான் புதுத் தலைவலி வந்தது. சுவிட்சர்லாந்தின் ஹைன்ரிஷ் வில்ட் 1921இல் ஹீர்புருக் ஊரில் நிறுவனம் தொடங்கி, கண்ணாடி வட்டங்களையும் முப்பட்டகங்களையும் ஒரு கூட்டுக்குள் வைத்து மூடிய தியோடலைட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அரை டன் போய், ஒரே ஆள் தூக்கும் எடைக்கு வந்தது. பிறகு கையடக்கத் தொலைநோக்கிகள், தூரமானிகள், சாற்றின் இனிப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்று எல்லாமே மூடிய கூடுகள். மூடிய கூட்டுக்குள் ஈரம் புகுந்தால் துடைக்கக் கை நுழையாது.

ஈரம் எப்படிப் புகுகிறது என்பதில்தான் சூட்சுமம். மழைத்துளி நேராக உள்ளே போவது குறைவு. காலையில் 27 டிகிரியில் இருந்த கருவி வெயிலில் 47 டிகிரிக்குச் சூடானால், உள்ளே இருக்கும் காற்று நூற்றுக்கு ஆறேழு பங்கு விரிந்து, இடுக்கு கிடைத்த வழியில் வெளியேறும். மாலையில் கருவி குளிர்ந்ததும் அதே அளவு காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். நீர் நின்ற வயல் நடுவே அப்படி இழுபடும் காற்று நீராவி நிறைந்தது. இரவில் அது லென்ஸின் உட்புறத்தில் பனித்துவிடும். கருவி ஒவ்வொரு நாளும் இப்படி மூச்சு விடுகிறது. ஐப்பசி, கார்த்திகை என்று இரண்டு மாதம் போனால் கண்ணாடிமேல் பூஞ்சை நூல் ஓடத் தொடங்கும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியையே அரித்துத் தழும்பாக்கும். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளிலும் நியூகினியிலும் படைகளின் பைனாகுலர்கள் இப்படித்தான் குருடாயின. ஆஸ்திரேலியத் தாவரவியலாளர்கள் பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கருவிக்குள் வைத்துச் சமாளித்துப் பார்த்தார்கள். மருந்து பூஞ்சையைத் தடுக்கும், மூச்சைத் தடுக்காது.

மூச்சை அடைக்க வந்தது ரப்பர். ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் நொறுங்கும் என்ற நிலையை 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகமும் சூடும் சேர்த்து மாற்றினார். அதன் பிறகு ரப்பர் வாஷர் எல்லா இயந்திரங்களிலும் ஏறிவிட்டது. ஆனால் தட்டை வாஷரை இறுக்கினால் பிதுங்கும், நாளடைவில் தளரும், திரும்ப இறுக்க வேண்டும். குழாய்க்கு அது போதும். திருகித் திருகி ஃபோகஸ் பார்க்கும் லென்ஸ் குழலுக்கு உதவாது.

தட்டை வாஷருக்குப் பதிலாக உருண்டை வளையம் என்ற யோசனைக்கு 1896இலேயே சுவீடனில் லுண்ட்பர்க் என்பவர் காப்புரிமை வாங்கியிருந்தார். அது பரவவில்லை. உலகம் பயன்படுத்தும் ஓ-ரிங்கைத் தந்தவர் நீல்ஸ் கிறிஸ்டென்சன். டென்மார்க்கில் 1865இல் பிறந்து அமெரிக்கா போனவர். டிராம் வண்டிகளுக்குக் காற்று பிரேக் செய்து பேர் வாங்கியவர். பிஸ்டன் ஓரத்தில் கசிவை நிறுத்துவது அவருடைய வாழ்நாள் வேலை. 1937இல், 72 வயதில், காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1939இல் கிடைத்தது.

அவர் கண்டுபிடித்தது வளையத்தை அல்ல, அது உட்காரும் பள்ளத்தை என்றே சொல்வேன். வளையத்தைப் பள்ளத்துக்குள் திணித்து இறுக்கவில்லை. பள்ளத்தை வளையத்தைவிடச் சற்று அகலமாக வெட்டி, அது புரள இடம் விட்டார். அழுத்தம் ஒரு பக்கம் ஏறினால் வளையம் மறுபக்கச் சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் கூடக்கூட ஒட்டுதலும் கூடும். எதிரி தள்ளத்தள்ளக் கதவு இன்னும் இறுகும் ஏற்பாடு. போர் வந்ததும் அமெரிக்க அரசு அந்தக் காப்புரிமையை எடுத்துப் பல உற்பத்தியாளர்களுக்குத் திறந்துவிட்டது. விமானச் சக்கரத் தூக்கியிலிருந்து எல்லாவற்றிலும் ஓ-ரிங் ஏறியது. கிறிஸ்டென்சனுக்குக் கிடைத்தது 75,000 டாலர். 1952இல் அவர் இறந்தார். வழக்காடிய வாரிசுகளுக்கு 1971இல் இன்னொரு லட்சம் டாலர் வந்தது. கோடிக்கணக்கில் விற்கும் பொருளுக்கு இது கூலியா என்று கேட்டால், இல்லை.

விமானத்திலிருந்து வளையம் லென்ஸ் குழலுக்கும் பேட்டரி மூடிக்கும் இறங்கியது. இன்று காவிரிப் படுகை வயலில் அதைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு கருவிகள் போதும். ஒன்று, ஜப்பானின் மினோல்டா நிறுவனம் கொண்டுவந்த ஸ்பாட் 502. நெல் இலையை அதன் தாடைக்குள் கவ்வவிட்டால், சிவப்பும் அகச்சிவப்புமான இரண்டு ஒளிகளை இலைக்குள் செலுத்திப் பச்சையத்தை எண்ணாகக் காட்டும். அதை வைத்து மேலுரத்துக்கு யூரியா போடலாமா என்று முடிவு செய்யலாம். பிந்தைய வடிவமான 502 பிளஸுக்கு நீர்த் தடுப்புத் தரம் ஐபிஎக்ஸ் 4. எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று அர்த்தம். வாய்க்காலில் விழுந்தால் தாங்கும் என்று அர்த்தமில்லை. நடுவில் நிற்கும் ‘எக்ஸ்’, தூசிக்குச் சோதனைக் கணக்கு எதுவும் சொல்லப்படவில்லை என்பதைக் குறிக்கும். அறுவடைக் காலத்தில் பதர் பறக்கும் களத்துமேட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் அந்த எழுத்தைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று கரும்பு வயலில் பிரிக்ஸ் என்ற இனிப்பளவைப் பார்க்கும் கை ரிஃப்ராக்டோமீட்டர். சாறு ஒரு சொட்டு, கண்ணை வைத்துப் பார்த்தால் கோடு. முப்பட்டகத்தைக் குழலோடு சேர்க்கும் இடத்திலுள்ள அடைப்பு விட்டுப்போனால் சாறும் கழுவிய தண்ணீரும் உள்ளே இறங்கி, கோடு மங்கும். ஒரு சொட்டுச் சாற்றுக்காகக் கருவியையே குழாயடியில் பிடித்துக் கழுவுவதுதான் இதற்குப் பெரிய காரணம். ஈரத் துணியால் முப்பட்டகத்தைத் துடைத்தாலே போதும்.

விவசாயிகளின் கையில் இருக்கும் இலை வண்ண அட்டைக்கு இந்த வம்பே கிடையாது. நெல் இலையை அட்டையின் பச்சை நிறப் பட்டைகளோடு ஒப்பிடுவதுதான் வேலை. சேற்றில் விழுந்தால் கழுவி வரப்பில் காய வைக்கலாம். விலையிலும் எளிமையிலும் அதுவே ஜெயித்தது. நியாயமான வெற்றி என்பதே என் கட்சி. ஆராய்ச்சி நிலையத்துக்கு எண் வேண்டும், அதனால் கருவியும் வேண்டும்.

கருவிகளிலுள்ள வளையங்கள் பெரும்பாலும் கன்னியாகுமரியில் பால் வடிக்கும் மரத்து ரப்பர் அல்ல. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் பட்டால் மர ரப்பரில் சீக்கிரம் வெடிப்பு விடும். நைட்ரைல், சிலிகான், இபிடிஎம் என்று தொழிற்சாலை ரப்பர்களே அதிகம். அவையும் சாகாவரம் பெற்றவை அல்ல. ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் நசுங்கிக் கிடக்கும் வளையம் வட்டத்தை மறந்து தட்டையாகிவிடும். அதன் பிறகு பார்வைக்கு முழுதாக இருந்தாலும் வேலை செய்யாது. ஒரு மணல் துகளோ தலைமுடியோ குறுக்கே கிடந்தாலும் அதே கதி.

ஆகவே வேளாண் அலுவலர்களுக்கும் சர்வேயர்களுக்கும் கரும்பு உதவியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. வடகிழக்கு மழை தொடங்குமுன் பேட்டரி மூடியைத் திறந்து வளையத்தைப் பாருங்கள். தட்டையாகவோ வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள். கருவி வாங்கும்போதே உபரி வளையம் கேட்டு வாங்குங்கள். கையில் கிடைத்த தேங்காய் எண்ணெயையும் மெஷின் ஆயிலையும் அதில் தடவாதீர்கள். சில ரப்பர்கள் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். கையேட்டில் சொன்ன மசகு மட்டும் போதும். நனைந்த கருவியைப் பெட்டிக்குள் போட்டு உடனே மூடாமல், நிழலில் ஒரு இரவு திறந்து வையுங்கள்.